சம்பந்தி கொடுத்த பெர்ரிக் குச்சி

லஸ் முனையில் டிராம் ஏறி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். முன் பெஞ்சியிலிருந்து, "செடி வரலை ஓய், முட்டுக் கொடுத்த கொம்புதான் தளிர்த்திருக்கு" என்று ஒரு குரல் வந்தது. அதற்குமேல் யாரால் பேப்பர் படிக்க முடியும்? சொன்னவர் தலைப்பாகைக்காரர். கேட்டுக்கொண்டிருந்தவர் மடியில் குடை வைத்திருந்தார்.

"எந்தச் செடி?"

"குன்னூர்லேர்ந்து சம்பந்தி கொடுத்தாரே, ராஸ்பெரிக் குச்சி. நல்ல நாள் பார்த்துக் கொல்லைல நட்டேன். சாயாம இருக்கட்டும்னு முருங்கைக் கொம்பு ஒண்ணைப் பக்கத்துல ஊணிச் சேர்த்துக் கட்டினேன். தளதளன்னு தளிர் விட்டுது. செடி பிடிச்சுண்டுடுத்துன்னு உடனே சம்பந்திக்குக் கார்டு போட்டுட்டேன்."

"முருங்கை இலை உமக்குத் தெரியாதா?"

"அடையில பார்த்திருக்கேன். மரத்துல யார் பார்த்தா? நேத்து ஆத்துக்காரி சொல்லித்தான் தெரிஞ்சுது. குன்னூர்க் குச்சி காய்ஞ்சு விறகா நிக்கறது."

"போனாப் போறது, விடும்."

"எப்படி விடறது? செடியைப் பார்க்கணும்னு சம்பந்தி நாளைக்கு வரார். ஒரு குச்சியைப் பிழைக்க வைக்கத் துப்பில்லாத குடும்பம்னு அங்கே என் பொண்ணைன்னா குத்திக் காட்டுவா!"

தலைப்பாகைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"இலையெல்லாம் இன்னிக்கே உருவிடப் போறேன். மாடு மேஞ்சுடுத்துன்னு சொல்லிடுவேன்."

"உருவின இலையை என்ன பண்ணுவீர்?"

"வீணாக்குவானேன்? நாளைக்கு அவருக்கே அடை."

குடைக்காரர் டிராம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"அப்போ, மேஞ்ச மாடு சம்பந்தியா?"

"மெதுவா ஓய்! பொண்ணைக் கொடுத்திருக்கேன்."