நான்கு மணிக்கு எழும் கொக்கிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளர்களே, துயரத்தோடு முன்வரிசையில் இருக்கும், சுமதிராஜ் சாரின் மனைவி கனகவதி அம்மா அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்தில் அனைவருக்கும் வணக்கம். நான் லாவண்யா, பன்னிரண்டாம் வகுப்பு. பதினேழாம் எண் தறி மாணிக்கவேலின் மகள்.

ஆரணித் தறிகளின் மேல் உட்கார்ந்து, பாவு நூலைக் கொக்கிகளால் தூக்கும் நாற்பத்தொரு ஜக்கார்டு பெட்டிகளுக்கு அறிவு கொடுத்தவர் யார்? பொறியாளர் சுமதிராஜ் அவர்கள்! டிசைனைப் படித்து, எந்தக் கொக்கி எழவேண்டும் என்று தறிக்குச் சொல்லும் புரோகிராம் அவருடையது.

பெட்டிக்குப் பெட்டி அதன் மூளையான ப்ராசசர் வேறு. புரோகிராமை ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர்; எந்த ப்ராசசருக்கு என்று அதனிடம் சொல்லும் குறிப்புதான் ஃப்ளாக். முதல் வருடம் சார் ‘நேட்டிவ்’ என்று போட்டுவிட்டார். ‘நான் இருக்கும் கம்ப்யூட்டருக்கே ஏற்றாற்போல்’ என்று பொருள். அவர் வீட்டில் பறந்த புரோகிராம், எங்கள் பெட்டியில் ‘தெரியாத கட்டளை’ என்று விழுந்தது. முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது.

“இன்னா சார், உங்க வூட்ல ஓடுது, எங்க வூட்ல படுத்துக்குது? எங்க பொட்டிக்கு உங்க மேல கோவமா?” என்றார் அப்பா.

“பொட்டி மேல தப்பில்லண்ணே. என் அளவுக்கு சட்ட தெச்சி உங்க தோள்ல மாட்டிட்டேன்.”

அன்றுமுதல் அவர் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல்: தறிக்கு ஒரு வரி, அதற்கென்று தனி ஃப்ளாக். அவர் கம்ப்யூட்டர் தினமும் எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்து அனுப்பும். மாலை நான்கு மணிக்கு எல்லாப் பெட்டிகளும் சோதனையாகக் கொக்கிகளை ஒருமுறை தூக்கி இறக்கும்.

சார் மறைந்த ஒன்பதாம் நாள் எங்கள் பெட்டி எரிந்துபோனது. வேறு வகை ப்ராசசர் உள்ள பெட்டிதான் கிடைத்தது. “இது ஓடாதுப்பா” என்றேன். நான்கு மணிக்குக் கொக்கிகள் எழுந்தன! யார் சொல்லி எழுந்தன?

சாரின் வீட்டுக்கு ஓடினேன். பட்டியலில் பதினேழாம் வரியில், பழைய ஃப்ளாக்கோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது; பெட்டி தனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அந்தப் புதிய ப்ராசசரின் ஃப்ளாக், பக்கத்தில் ‘மாணிக்கவேல் அண்ணன்’. தேதி, சார் மறைந்த நாள். பழைய பெட்டி அன்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முன்யோசனை என்று நம்ப முயல்கிறேன்.

கனகவதி அம்மா அப்போது சொன்னார்: “அந்த கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் அவரு மூச்சு மாதிரியே கேக்குது லாவண்யா. இரங்கல் கூட்டம் முடிஞ்சதும் அணைச்சிடறேன்.”

அம்மா, அணைத்தால் நாற்பத்தொரு தறிகளும் நின்றுவிடும். அந்தக் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு வரியையும் சாகவிடமாட்டேன். நாற்பத்திரண்டாவது தறி வந்தால், அதன் முன்னால் போய் நின்று, அதன் அளவை எடுத்தே ஃப்ளாக் எழுதுவேன். இது என் உறுதி.

மணி நான்காகிறது. தெருவில் எல்லாத் தறிக் கொட்டகைகளும் பூட்டியிருக்கின்றன, எல்லோரும் இங்கே இருக்கிறோம். கொக்கிகள் எழும் சத்தத்தைப் பயப்படாமல் கேளுங்கள்.