முழுப் பருப்புச் சோதனை

முந்திரிப்பருப்பைத் தின்கிறவர்கள் அது எப்படி உடையாமல் வெளியே வருகிறது என்று யோசிப்பதில்லை. விசாரிக்க வந்த நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள், ஐயா. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, சிறு கட்டையால் ஓரத்தில் ஒரு தட்டு. பலம் கூடினால் பருப்பு நொறுங்கும். குறைந்தால் மேலோடான தோடு பிளக்காது. அந்த அளவு பெண்களின் விரல்நுனிக்குத்தான் தெரியும். தோட்டிலிருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், விரல்களில் அடுப்புச் சாம்பலை அப்பிக்கொண்டே தட்டுவார்கள்.

ஐம்பத்திரண்டில் அமெரிக்காக்காரன் வாங்குவதைக் குறைத்தான். இரணியல் பக்கத்து அண்டியாபீசில், அதாவது முந்திரிக் கம்பெனியில், நான் மேஸ்திரி. கொல்லத்திலிருந்து முதலாளி வந்து, "ஆளைக் கொறைக்கணும். சத்தம் கேக்கப்பிடாது" என்றார்.

வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பது அநியாயம். ஆகவே சோதனை வைத்தேன். எல்லாருக்கும் ஒரே கொட்டை, ஒரே கட்டை, ஒரே தராசு. அதிகம் உடைக்கிறவர்கள் வீட்டுக்கு.

ஒரு சின்ன ஏற்பாடு மட்டும் செய்தேன். சன்னலோர வரிசைக்குச் சாம்பல் கிடையாது. பருப்பில் ஒட்டுகிறதென்று வெளிநாட்டில் புகார் என்றேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் வேண்டுமென்று பெண்களைத் திரட்டிய தேவகனியையும் அவளோடு சேர்ந்தவர்களையும் அங்கே உட்காரவைத்தேன்.

"அண்ணாச்சி, ஓமக்க கையையும் இதுல வச்சுப் பாருமே" என்றாள் தேவகனி.

"எனக்குச் சோதனை இல்லியே, மக்கா."

அடுத்த வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர்களிடம் சாம்பல் இருந்தது.

கொட்டை வறுக்கும் மரியஜான் என் காதருகே வந்தான். "மேஸ்திரி, இது பாவமாக்கும்."

"சோதனையாக்கும்" என்று திருத்தினேன்.

அந்த எண்ணெய் வேலை செய்யும் விதம் அற்புதம். முதலில் அரிப்பு, பிறகு கொப்புளம். கொப்புளம் உடைந்துவிட்டால் விரலுக்கு அளவு பிடிபடாது. பருப்பு தானாக நொறுங்கும். சனிக்கிழமை தராசே பேசியது. சன்னலோரம் காலியானது. யூனியன்காரர்களும் தராசைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எடையோடு யார் வாதாடுவது?

ஆம், செய்தவன் நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

பிறகு ஒருநாள் தேவகனி வாசலில் வந்து நின்றாள். "பிள்ளையத் தூக்கக்கூட முடியல்ல, அண்ணாச்சி. முற்றம் தூத்து வாரவாவது விடும்" என்று கைகளை விரித்தாள். விரல்நுனிகளில் தோலே இல்லை. எனக்குள் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் அப்போது தீர்ந்தது. சரியான ஆளைத்தான் நீக்கியிருக்கிறேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு பருப்பையாவது முழுதாக எடுப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.