கிறவல் நிலத்துத் திராட்சை

நான் இதுவரை ஒரு சொட்டு வைனும் குடித்ததில்லை, ரூபன். அதன் நிறத்தைக்கூடப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் பிரான்சின் பொர்தோவில் எந்தக் கரையில் எந்தத் திராட்சை நிற்கிறது என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆகவே தெரியாமல் விட்ட பிழை என்று எனக்காக நீ சமாதானம் தேட வேண்டாம். ஒன்பது வருடம் பாரிஸ் உணவகத்தில் நின்றவன் நீ. உன் மனைவியின் கொப்பியில் நாலு பக்கம் புரட்டியதுமே கண்டுபிடித்துவிட்டாய். "அக்கா, இதிலை திராட்சை இடம் மாறிக் கிடக்கு" என்றாய். தேத்தண்ணி ஆறுகிறது, குடி. நானே சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் நீ அனுப்பிய பார்சல் நினைவிருக்கும். உனக்கு அப்போது அங்கே வதிவிட அனுமதி கிடைத்திருக்கவில்லை. நிசாந்தினியை மனைவி என்று சொல்லிக் கூப்பிட வழியில்லை. உன் முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் பொர்தோவில் வைன் படிப்பிக்கும் பள்ளி நடத்துகிறார், மாணவியாக அவளை எடுக்கச் சம்மதித்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். கொழும்பில் விசா நேர்முகத்தில் வைனைப் பற்றிக் கேட்பார்கள், அக்காதான் படிப்பிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கடிதத்தோடு ஒரு பிரெஞ்சுப் புத்தகம். மல்லாவியில் பிரெஞ்சு வைத்தியர்களோடு நாலு வருடம் மொழிபெயர்ப்புக்கு நின்றவள் நான். எங்கள் கண்டாவளையில் அந்தப் புத்தகத்தை வாசிக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

அன்றைய வீட்டை நீ பார்க்கவில்லை. அம்மா பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வலப்பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சீலை மாற்ற வேண்டும். கஞ்சியைக் கரண்டியால் பருக்க வேண்டும். பாதி வெளியே வரும். இது எல்லாம் நிசாந்தினியின் வேலை. அவளை நான் குறை சொல்லவே மாட்டேன். அம்மாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. எனக்குக் கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் வேலை. காலையில் சைக்கிளில் பரந்தனுக்குப் போய் பஸ் எடுத்தால், பின்னேரம்தான் வீடு. அங்கே எனக்கென்று ஒரு மேசை இருந்தது. ஒரு மின்விசிறி. மிஸ் என்று கூப்பிட ஆட்கள். முப்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்தது அது.

அவள் போனால் அந்தக் கரண்டி என் கைக்கு வரும். உன் கடிதத்தை மடித்து வைக்கும்போதே அது எனக்கு விளங்கிவிட்டது. நீ யோசித்திருக்க மாட்டாய். ஆண்பிள்ளைகள் யோசிப்பதில்லை, அதற்காக நான் உன்னைக் கோபிக்கவுமில்லை.

பின்னேரங்களில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் படிப்பித்தேன். நான் கதிரையில், அவள் நிலத்தில், மடியில் கொப்பி. தொண்ணூறு வீதம் சரியாகவே படிப்பித்தேன். கரோன், தொர்தோஞ் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோந்து ஆவதை அவள் அழகாகக் கீறுவாள். இடக்கரையில் மெடோக், சரளைக்கல் நிறைந்த கிறவல் நிலம். வலக்கரையில் சாந்த் எமிலியோன், களிமண். சோத்தேர்னில் பூஞ்சணம் பிடித்த திராட்சையில் இனிப்பு வைன் செய்வார்கள் என்றதும், "அழுகினதையோ மச்சாள் விக்கிறவை?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்தைந்தில் தரம் பிரித்த அறுபத்தொரு தோட்டங்களின் பெயர்களையும் பாடமாக்கினாள். முதலாம் தரம் ஐந்து, இரண்டாம் தரம் பதினாலு என்று சொல்லிச் சொல்லி வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவாள். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாதவள்.

நான் மாற்றியது இரண்டே இரண்டு. கிறவல் நிலத்தில் கபர்னே என்ற திராட்சை நிற்க வேண்டும், களிமண்ணில் மெர்லோ என்ற திராட்சை. அதை இடம் மாற்றிச் சொன்னேன். அந்த அறுபத்தொரு தோட்டங்களும் ஒன்றைத் தவிர மற்றவை மெடோக்கைச் சேர்ந்தவை. அவற்றைச் சாந்த் எமிலியோனுக்குக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் எவ்வளவு படித்தாலும் பிழையைத்தான் கூடுதலாகப் படிப்பாள்.

ஒருநாள் அவள் எழுதுவதை நிற்பாட்டினாள்.

"மச்சாள், கபர்னே பிந்திப் பழுக்கிற சாதி எண்டு சொன்னனீங்கள். கிறவல் மண் வெயில் சூட்டைப் பிடிச்சு வைக்கும். பிந்திப் பழுக்கிறதை அதிலைதானே வைக்க வேணும்? களிமண் குளிர்ந்து கிடக்குமே."

தோட்டக்காரன் மகள். புத்தகம் மூன்று பக்கத்தில் விளக்குவதை அவள் காலால் அறிந்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"பிரெஞ்சுக்காரன் எழுதின புத்தகத்தைவிட உமக்குக் கூடத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

முகம் கறுத்துப் போனது. "இல்லை மச்சாள், சும்மா கேட்டனான்" என்று குனிந்து எழுதினாள். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பேச்சு அவருக்கு வராது.

கொழும்புக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, மறுபடி பஸ் எடுத்து ஒரு பகல் பயணம். அம்மாவை அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு நாகேஸ்வரி பார்த்தாள். தூதரக வாசலில் வைத்து நிசாந்தினிக்கு ஒரு புத்தி சொன்னேன். "கேட்டதையே திருப்பிக் கேப்பினம். அது சோதிக்கிறதுக்கு. பதிலை மட்டும் மாத்திப்போடாதையும்."

ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கிறவல் நிலத்திலை என்ன வைப்பினம் எண்டு மூண்டு தரம் கேட்டவர் மச்சாள். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டு தன்மையாத்தான் கேட்டவர். எனக்குப் பாவமாக் கிடந்தது. ஆனா நான் மாத்தேல்லை."

அவளுக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தேன்.

மறுப்புக் கடிதம் வந்த பிறகு நீ பரந்தன் தொலைபேசிக் கடைக்கு எடுத்தாய். கண்ணாடிக்கு வெளியே நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். வெளியே வந்து, "அவர் என்னை மொக்கு எண்டு சொல்லிப்போட்டார். சரிதானே மச்சாள், இவ்வளவு படிப்பிச்சும் எனக்கு மண்டையிலை ஏறேல்லை" என்றாள். அதை நீ சொன்னாய், நான் சொல்லவில்லை. அதையும் நாங்கள் மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் தரம் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். மறுக்க எனக்குக் காரணமில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் படிப்பித்தேன். இந்தத் தரம் கிறவல், மெர்லோ என்று நூறு முறை எழுதச் செய்தேன். நீ பார்த்த பக்கம் அதுதான். எழுத்து எவ்வளவு அழகு. சாவு வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்லக்கூடிய அளவுக்கு அதை அவளுக்குள் இறக்கினேன். இரண்டாவது மறுப்பும் வந்தது. அதற்குப் பிறகு நீ தொலைபேசி எடுப்பதைக் குறைத்தாய்.

அடுத்த வருடம் ஆடியில் எங்கள் அலுவலகத்தில் வெளிநாட்டவர்கள் ஒருவரையொருவர் மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் ஆட்கள் கவனமில்லாமல் பேசுவார்கள். சண்டை திரும்பத் தொடங்கப் போகிறது, பாதை பூட்டும் என்று காதில் விழுந்தது. ஒரு வாரப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு வவுனியாவுக்கு வந்தேன். சான்றிதழ்கள், நல்ல சேலைகள், அம்மாவின் காப்பு எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. நெளுக்குளத்தில் இந்த அறையை எடுத்தேன். ஆவணியில் கிளிநொச்சிக்குப் போகும் பாதை பூட்டியது. பாதை பூட்டினால் எவரும் என்ன செய்யலாம்?

மிச்சத்தை அகதி முகாமில் நாகேஸ்வரி உனக்குச் சொல்லியிருப்பாள். எனக்கும் சொன்னாள். கண்டாவளையிலிருந்து விசுவமடு, அங்கிருந்து புதுக்குடியிருப்பு, கடைசியில் கடற்கரை. வண்டில் உள்ளவரை வண்டிலில், பிறகு இரண்டு தடியில் கட்டிய சாக்கில் அம்மாவைக் கொண்டு போயிருக்கிறார்கள். முன்பக்கம் யாராவது பிடிப்பார்கள். பின்பக்கம் எப்போதும் நிசாந்தினி. இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில், போரின் கடைசி நாட்களில், சனம் கடல்நீரேரியைக் கடந்து போனபோது நாகேஸ்வரி அவளைக் கையில் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"மாமியை விட்டுட்டு வரேலாது அக்கா. நீங்கள் போங்கோ. இந்தப் பையைக் கொண்டுபோய் மச்சாளிட்டைக் குடுங்கோ. பாதை திறந்தா மூண்டாம் தரமும் படிப்பிப்பா."

அந்தப் பைக்குள்தான் கொப்பி இருந்தது. அடுத்த நாள் விடிய அவளும் அம்மாவும் இருந்த பதுங்குகுழியில் செல் குண்டு விழுந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தில். பிறகு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் சொன்னது.

பையை நாகேஸ்வரி முதலில் எனக்குத்தான் நீட்டினாள். நான் வாங்கவில்லை, ரூபன் வருவான், அவனிடம் கொடு என்றேன். எரித்திருக்கலாம். எரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குற்றம் செய்தவர்கள்தான் எரிப்பார்கள்.

நீ அழுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆறுதலாக யோசித்துப் பார். அவளைப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தால் உனக்கு மனைவி கிடைத்திருப்பாள். நல்லது. அம்மாவுக்கு? அந்தக் குழிக்குள் அம்மாவின் வாயைத் துடைத்துவிட யார் இருந்திருப்பார்கள்? நீ பாரிஸில். நான் அப்படிப்பட்ட இடத்தில் ஒருநாளும் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்தே வெடிச் சத்தம் எனக்கு ஒத்துவராது, உனக்கே தெரியும். கூலிக்குப் பிடித்த ஆள் முதல் நாளே ஓடியிருக்கும். எங்கள் குடும்பத்தில் அதற்குத் தகுதியான ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளைக் கண்டுபிடித்து, போகவிடாமல் வைத்திருந்தேன்.

அம்மா தனியே சாகவில்லை, ரூபன். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான்.