மண்டியிடாத எழுத்து

உச்சி நேரம். மரக்காணம் உப்பளத்துக்குப் போகும் மண் ரோடு. ஒரு காக்கை கூட இல்லை... ராத்திரியில்தான் பேய் வரும் என்று யார் சொன்னது?

என் சிநேகிதன் ஜெயசீலனின் சித்தி மகள் மலர்கொடிக்கு நடந்தது இது. 2006, பங்குனி. சுனாமி அவள் அண்ணன் ராஜ்கமலைக் கொண்டுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அதனால் அவன் படத்துக்கு மாலை போட மலர்கொடி யாரையும் விடவில்லை. வந்துவிடுவான்... அவ்வளவுதான்.

சாப்பாட்டு வேளை. உப்பளத்தில் கூலி வேலை பார்த்த மலர்கொடி மட்டும் வரப்பில் நின்றாள்; மற்ற எல்லோரும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். காலையில் மிதித்து, பலகை போட்டு மட்டமாக்கிய பாத்தி கண்ணாடி மாதிரி கிடந்தது. உப்புத் தண்ணீர் பாய்ச்சும் வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது.

கர்... கர்... கர்...

ஈரக் களிமண்ணை நகத்தால் கீறுகிற சத்தம். குப்பென்று அழுகிய பாசி நாற்றம். மலர்கொடி எட்டிப் பார்த்தாள். பாத்தியின் நடுவில் ஒரு வரி. சுற்றிலும் ஒரு காலடித் தடமும் இல்லை.

"என்னாடி அப்டி பாக்குற?" தூக்குச் சட்டியோடு வந்தாள் கூட வேலை செய்யும் அம்சவள்ளி. "நண்டு ஓடுன தடம்டி அது. வா, கொழம்பு ஆறுது."

நண்டு இல்லை. உவர்நாட்டு எழுத்து!

உவர்நாடு எங்கேயும் இல்லாத நாடு. சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் இதே வரப்பில் உட்கார்ந்து உண்டாக்கியது. அவள் அரசி, அவன் மந்திரி. கோடும் கொக்கியுமாக அதற்கென்று ஒரு பாஷை. குறிக்கு ஒரு சொல். படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அவள் உதடு ஒவ்வொரு குறியாகக் கூட்டிப் படித்தது. பாய்மரக் கோடு... அண்ணன். இரட்டைக் கொக்கி... இங்கே. நண்டுக் கால்... வா.

"அண்ணா!"

ஒரு கால் வரப்பை விட்டு இறங்கிவிட்டது. பெருவிரல் ஈரத்தில் பட்டதும் ஜில்லென்றது. அந்த வெயிலில்... ஐஸ் மாதிரி. அப்படியே நின்றாள். மறுபடி படித்தாள்.

மண்டியிட்ட கோடு எங்கே?

மந்திரி அரசிக்கு எழுதினால், வரியின் தலையில் மடக்கிய முழங்கால் மாதிரி ஒரு கோடு போட்டாக வேண்டும். அதுதான் உவர்நாட்டுச் சட்டம். சண்டை போட்ட நாளில் கூட ராஜ்கமல் அதை விட்டதில்லை.

காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"எங்கண்ணன் எழுத்த எடுத்துக்கினு என்னையே கூப்புடுறியா?"

அம்சவள்ளி கையிலிருந்த தூக்கு நழுவியது. "யார்கிட்டடி பேசுற?"

மலர்கொடி வரப்பில் நின்றபடியே பலகையின் நீளக் கம்பைத் திருப்பிப் பிடித்துக் கீறினாள். அரசி வர மாட்டாள். நீ மண்டியிடு!

காற்று நின்றது.

கர்... கர்...

கண்ணெதிரே, அவள் வரிக்குக் கீழே, நாலு குறிகள் முளைத்தன. படித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் பின்வாங்கவில்லை. பலகையை வீசி அத்தனையையும் இழுத்து அழித்தாள். மடையைத் திறந்துவிட்டாள். உப்புத் தண்ணீர் புரண்டு பாய்ந்தது.

அன்று சாயங்காலம் ராஜ்கமல் படத்துக்கு அவளே மாலை போட்டாள். மறுநாள் அதே பாத்தியில் இறங்கி மிதித்தாள். இன்றைக்கும் மிதிக்கிறாள்.

அது என்ன பதில் எழுதியது என்று ஜெயசீலன் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். சொல்ல மாட்டாள். ஒன்றை மட்டும் சொன்னாள்...

"அந்த நாலு எழுத்தும் நாங்க உண்டாக்குனதே இல்லண்ணா. ஆனா... என்னால படிக்க முடிஞ்சுது."