எண் தெரியாத பக்கங்கள்

எங்கள் பள்ளியில் ஓவியத்துக்கு வாரம் இரண்டு பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் இரவல் வாங்கிப் போவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. குறை சொல்லவில்லை. நீங்கள் புதிதாக வந்த தலைமையாசிரியர். ஓவிய வாத்தியாரான என் மேல் வந்த புகாருக்குப் பதில் எழுதித் தரச் சொன்னீர்கள். இங்குள்ள நடைமுறை தெரிந்தால்தான் நடந்ததும் புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விடுதிப் பையன்களுக்கு எழுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் மணியடித்துத்தான். சமையற்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஓவிய அறைக்கு மட்டும் மணிச்சத்தம் சரியாகக் கேட்காது. அதனாலேயே சிலர் அங்கே வந்து ஒட்டிக்கொள்வார்கள். அப்படி ஒட்டிக்கொண்டவன்தான் இப்போது புகார் கொடுத்திருப்பவன். அன்றைக்கு அவனை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு ஒல்லி. தகப்பன் இல்லை. அம்மா ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தாள்.

ஊசிக்குக் கோடு சுமார்தான். நிறம் கலப்பதில்தான் ஆள் வேறு மாதிரி. மழை நின்ற பிறகு சுவர் என்ன நிறத்தில் இருக்கும் என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் தட்டில் கலந்து வைத்திருப்பான்.

அலுவலக வராந்தாவில் என் ஓவியம் ஒன்று தொங்குகிறதே, தோப்பும் வாய்க்காலும். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த இலையெல்லாம் செங்கல் நிறத்துல இருக்கே, வேணும்னே போட்டீங்களா?"

பக்கத்தில் நான்கைந்து பையன்கள் இருந்தார்கள். "வேணும்னேதான்" என்றேன். நம்பிவிட்டான். மரியாதையுள்ள பிள்ளை. எனக்கு அதில் கோபம் ஏதும் இல்லை.

மறு வருஷம் ஓவியக் கல்லூரியிலிருந்து ஓர் ஓவியர் அம்மாள் வந்தார். சுற்றுவட்டப் பள்ளிகளிலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு பையனைத் தேர்ந்தெடுப்பார்கள். படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் கல்லூரி பொறுப்பு. கட்டாக அடுக்கியிருந்த படங்களை மளமளவென்று புரட்டிக்கொண்டு வந்தவர், ஊசியின் படத்தில் நின்றுவிட்டார்.

"இந்தச் சாம்பலை யார் கலந்தது?"

"நான்தான் மேடம்."

"இதை உனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாதுப்பா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

விண்ணப்பப் படிவம் ஒரு மாதம் என் மேசையில் கிடந்தது. ஓவியம் சோறு போடாது என்பது ஊரறிந்த விஷயம். தகப்பனில்லாத பிள்ளைக்காக யாராவது ஒருவர் யோசிக்க வேண்டியிருந்தது. நான் யோசித்தேன்.

நம் மருத்துவ அறையில் நிறக்குருடு சோதிக்கும் புத்தகம் ஒன்று உண்டு. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை வாங்கி வந்து, ஒரு ஞாயிறு மதியம் ஊசியை உட்காரவைத்து, நான்கு பக்கங்களை மட்டும் காட்டினேன்.

"என்ன எண் தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார். வெறும் புள்ளிதான்."

"நிதானமாப் பாரு. அவசரமில்ல."

புத்தகத்தை ஜன்னலோரம் கொண்டுபோனான். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். நாற்பத்தைந்து என்று விரலால் வரைந்து காட்டினேன்.

"உங்களுக்குத் தெரியுதா சார்?"

"பளிச்சுனு தெரியுது." அது பொய்யில்லை.

"அந்த மேடம் நல்லா இருக்குன்னாங்களே."

"குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்கும். நீ பார்க்கற நிறம் வேற, நாங்க பார்க்கற நிறம் வேற. யார்கிட்டயும் சொல்லாதே, பசங்க கேலி பண்ணியே கொன்னுடுவானுங்க. நான் பார்த்துக்கறேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். படிவத்தில் 'மாணவனுக்கு விருப்பமில்லை' என்று எழுதி, அவனையே கையெழுத்துப் போட வைத்தேன். எல்லாம் முறைப்படிதான்.

அந்த நான்கு பக்கங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்ல கண்ணுக்கு அவற்றில் எதுவும் தெரியாது. நிறக்குருடு உள்ளவனுக்கு மட்டுமே எண் தெரியும். பத்தொன்பது வயதில், அதே கல்லூரியின் மருத்துவச் சோதனையில், நான் நான்கையும் கடகடவென்று படித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். டாக்டர் புத்தகத்தை மூடி, "வேற படிப்பு பாருங்க தம்பி" என்றார். பிறகு கண்ணைச் சோதிக்காத ஒரு சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்து வாத்தியாரானேன். வண்ணக் குழாய்களின் மேல் நிறத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். பிழைப்புக்கு அது போதும்.

போன மாதம் ஊசி வந்தான், பதினான்கு வருஷம் கழித்து. சிமெண்ட் கிடங்கில் மேற்பார்வை வேலை. வெள்ளைச் சட்டை, சாம்பல் கால்சட்டை. வேறு நிறத் துணி வாங்குவதேயில்லையாம். பழக்கடையில் காயா பழமா என்று மனைவியைக் கேட்டுத்தான் கை வைப்பானாம். மகன் கிரேயானை நீட்டினால் அம்மாவிடம் போகச் சொல்வானாம். அந்தச் சின்னப் பையனுக்கும் இது வந்திருக்குமோ என்ற பயத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே அதே புத்தகம்.

"பையன் ஒண்ணும் தெரியலன்னான் சார். டாக்டர் சிரிச்சுட்டு, 'நல்ல கண்ணுங்க, அதுல எதுவும் தெரியக் கூடாது'ன்னார். என்னையும் உட்காரவச்சுப் பார்த்தார்." நாற்காலியை என் மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டான். "எதுக்கு சார்?"

சம்பளம் நல்ல சம்பளம்தானே என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினான்.

நீங்கள் கேட்டிருப்பது அவன் ஒருவனைப் பற்றித்தான். அவனுக்குப் பிறகும் அந்தக் கல்லூரி நம் பள்ளியிலிருந்து மூன்று பையன்களைக் கேட்டது. அவர்களுக்கும் ஆளுக்கொரு ஞாயிறு மதியம் ஒதுக்கினேன். விலாசம் விடுதிப் பதிவேட்டில் இருக்கும். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. நன்றி மறவாத பிள்ளைகள்.