மூன்றாவது கேள்வி யாருடையது

“ஹலோ... ஆமாங்க, மறுபடியும் நான்தான். இளையோர் விளையாட்டுப் பிரிவு... இல்லங்க, அவசரப்படுத்தல. ஃபேக்ஸ் வந்துடுச்சு. மூணாவது கேள்வி மட்டும் பாதிக்கு மேல ஒரே கறுப்பா இருக்கு... ஆமா, ஆமா, இங்க இருக்கற மெஷின் அப்படித்தான்... சரி, மூலத்தையே எடுத்துட்டு வந்து வாசிங்க. லைன்லயே இருக்கேன்.”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு குராமோச்சி பேனா மூடியைத் திறந்தார். மாலை நாலு மணி. நாளைக் காலை நாடாளுமன்றக் குழுவில் ஷிமனுகி என்ற பெண் உறுப்பினர் பண்பாடு, விளையாட்டு, டிஜிட்டல் கொள்கை மூன்றையும் பற்றி அரசைக் கேள்வி கேட்கப் போகிறார். என்ன கேட்கப் போகிறார் என்று முதல் நாளே விசாரித்து வாங்கி, அமைச்சர் வாசிப்பதற்குப் பதில் எழுதிக் கொடுப்பது குராமோச்சி போன்றவர்களின் பிழைப்பு. டிஜிட்டல் கொள்கை பற்றிய கேள்வியும் ஃபேக்ஸில்தான் வரும். அதைப் பார்த்துச் சிரிப்பதை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

முதல் கேள்வி அருங்காட்சியகத்துச் சுருள் ஓவியங்களை இணையத்தில் ஏற்றுவது பற்றி. அது பண்பாட்டுப் பிரிவுக்குப் போய்விட்டது. இரண்டாவது ஏதோ விளையாட்டரங்கத்துக் கூரை, பக்கத்து மேஜை. மூன்றாவதுதான் காலையிலிருந்து கேட்பாரற்று அலைகிறது. எடுத்துக்கொள்கிற பிரிவுதான் பதில் எழுத வேண்டும். பதிலில் பிசகினால் அந்தப் பிரிவின் தலைதான் உருளும். எனவே பிரிவுத் தலைவர் தகாகுவா மேஜையருகே வந்து நின்று, கட்டைவிரலால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். எதிர்க் கட்டடத்தில் டிஜிட்டல்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே தள்ளிவிடு என்று அர்த்தம். குராமோச்சி தலையசைத்தார். தள்ளிவிடுவதில் அந்த மாடியிலேயே அவர்தான் கெட்டிக்காரர். யார் பொறுப்பு என்று முடிவாகும்வரை பிரிவின் பெயரைத்தான் சொல்ல வேண்டும், சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அங்கே பாலபாடம். உறுப்பினரின் செயலர் இசோகாய் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு இவர் வெறும் குரல்.

“வந்துட்டீங்களா, இசோகாய்-சான்... சொல்லுங்க, எழுதிக்கறேன். ‘பள்ளி விளையாட்டுக் குழுக்களில் வெப்பத்தாக்கு’... ம்... ‘வெப்ப அளவைச் செயலியில் பதிவது குறித்து’... செயலியா? அப்பப் பாருங்க, செயலின்னா அது டிஜிட்டல் பக்கம்... கேட்டுட்டீங்களா. என்ன சொன்னாங்க?... விளையாட்டுன்னாங்களா. சொல்லுவாங்க, சொல்லுவாங்க... பண்பாட்டுப் பிரிவுக்கும் போயிட்டு வந்துச்சா? அங்க எதுக்கு?... ஓ, பள்ளிக் குழுன்னா இசைக் குழுவும் சேர்த்தின்னு... இல்லங்க, நீங்க சலிச்சுக்கறது நியாயந்தான்... சரி, உங்க உறுப்பினர், ஷிமனுகி-சென்செய், எந்தச் சம்பவத்த வச்சுக் கேக்கறாங்க?... சைதாமா... உயர்நிலைப் பள்ளி, முதலாண்டு... தடகளம்... ஜூலை இருபத்தெட்டு... ம்... எழுதிட்டேன்.”

எழுதிவிட்டார். எழுத்து எப்போதும்போல அச்சாக விழுந்தது. குராமோச்சியின் மகன் சோஹே சைதாமாவில் உயர்நிலைப் பள்ளி முதலாண்டு படித்தான். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுவான். ஜூலை இருபத்தெட்டாம் தேதி மதியம் மைதானத்தில் விழுந்து, மறுநாள் விடியற்காலை இறந்துபோனான்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த திங்களன்று அவர் வேலைக்குத் திரும்பினார். எல்லோரும் ஒருமுறை தலை குனிந்தார்கள், பிறகு மேஜைக்குக் கோப்பு வந்தது. இப்போது நவம்பர். இதுவரை அவருக்கு எதுவும் வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல, இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

“பயிற்சி எத்தனை மணிக்கு?... ரெண்டு. செயலியில பதிஞ்சது?... காலையில ஒன்பதுக்கு. இருபத்தேழு டிகிரி, ஈரப்பதமும் சேத்து. அதுக்கப்புறம் பதியல... இல்லங்க, பள்ளி மேல தப்புச் சொல்ல முடியாது. சுற்றறிக்கைப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவை பதிஞ்சாப் போதும். முப்பத்தொண்ணத் தாண்டினா நிறுத்தச் சொல்லி அதுவே செய்தி அனுப்பும்... ஆமா, பதிஞ்சாத்தான்... யார் முடிவு பண்ணினதுன்னா... அது வந்துங்க, பல தரப்பையும் கலந்து, எல்லாக் கோணத்துலயும் ஆராய்ஞ்சு...”

அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர் குராமோச்சிதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், முதல் வரைவில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றுதான் எழுதியிருந்தார். தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே முதுகு ஒடிகிறது என்றார்கள். அவர் அதை வெட்டிவிட்டு, நாளுக்கு ஒரு தடவை என்று மேலே எழுதினார். சிக்கல் சுலபமாகத் தீர்ந்ததென்று அன்று தகாகுவா அவருக்கு ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஊரார் பிள்ளைகளுக்கென்று எழுதியது. அந்த ஊரில் தன் பிள்ளையும் இருக்கிறான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. இதை அவர் மனைவி சடோமியிடம் இன்றுவரை சொன்னதில்லை.

“இந்த விவரமெல்லாம் உங்களுக்கு யார் குடுத்தாங்க?... கடிதமா... பையனோட அம்மா. கையால எழுதினது, பதினோரு பக்கம்... இல்ல, வாசிக்க வேணாம்... சரி. வாசிங்க.”

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பேனாவை மேஜையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

“ம்... திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கா... ‘இந்த வாரம் ஓடவே இல்லை, உற்சாகப்படுத்துங்கள்’னு... ம். தெரியுங்க. பையன் கட்டியிருந்த ஓட்டக் கடிகாரத்த அம்மா ஃபோனோட சேத்து வச்சிருந்தா அப்படித்தான் செய்தி அனுப்பும்... நிறுத்தலாம். நிறுத்தறது சுலபந்தான்.”

அவர் வீட்டுச் சமையலறையில் திங்கட்கிழமைதோறும் எட்டு மணிக்கு அந்த மணி அடிக்கும். சடோமி சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, படித்துவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள். அதை நிறுத்திவிடலாமே என்று அவரும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. அவள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் இங்கே கோப்புத் தள்ளிய பகல்களில் அவள் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரிகூட அவருக்குத் தெரியாது. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“அப்பாவப் பத்தி ஏதாவது... இல்லையா. அரசாங்க வேலைன்னு மட்டும்... ம். அதனாலதான் அவருக்குச் சொல்லாம எழுதறேன்னு... ம். கடைசியில என்னதான் கேக்கறாங்க?... மன்னிப்பு வேணாம்... ஒரு தடவை போதும்னு எழுதினது யாரு, ஏன் எழுதினாரு, அதச் சொல்லணும்... அது போதுமா அவங்களுக்கு?... நாளைக்கு வர்றாங்களா? பார்வையாளர் பக்கத்துல... சரி... சரிங்க.”

தகாகுவா பொறுமையிழந்து ஒரு துண்டுச் சீட்டில் ‘டிஜிட்டல்’ என்று எழுதி, குராமோச்சியின் கண்ணுக்கு நேராக ஒட்டினார். மறுமுனையில் இசோகாயும் களைத்துப்போயிருந்தாள். விட்டால் அவளே தள்ளிவிடச் சம்மதித்துவிடுவாள்போல் இருந்தது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விடும். அந்த வாக்கியம் குராமோச்சிக்கு மனப்பாடம்.

“இல்லங்க... இல்ல, மறுபடி அங்க அனுப்பாதீங்க... டிஜிட்டல் இல்ல. செயலி என்ன பண்ணும், பதிஞ்சதத்தான் பாக்கும். எத்தனை தடவை பதியணும்னு சொன்னது சுற்றறிக்கை. அது எங்களது... ஆமா. எங்க பிரிவுதான். நான் எடுத்துக்கறேன்.”

தகாகுவா சீட்டைச் சுட்டினார். குராமோச்சி நிமிரவில்லை. அப்போதுதான் தகாகுவா குனிந்து, காகிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். சைதாமா, தடகளம், ஜூலை இருபத்தெட்டு. நீட்டிய விரல் தானாக மடங்கியது. சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்றார்.

“இன்னொண்ணு, இசோகாய்-சான். பேனா இருக்கா?... நீங்க அனுப்பினபடியே கேட்டா, ‘பல தரப்பையும் கலந்து’ன்னு ஒரு பதில் வரும். அப்படித்தான் எழுதச் சொல்வாங்க, நானும் எழுதிடுவேன். அதக் கேட்டுட்டுச் சென்செய் உக்காந்துடக் கூடாது. எந்திரிச்சு மறுபடி கேக்கணும். முதல் வரைவுல எத்தனை தடவைன்னு இருந்துச்சு, வெட்டினது யாருன்னு... இருக்குங்க, கோப்புலயே இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு இருந்துச்சு. கேட்டா எடுத்துக் காட்டித்தான் ஆகணும்... எப்படித் தெரியும்னா... வெட்டினது நான்தான்... ஆமா... எனக்கு என்ன ஆகும்னா, அது பரவாயில்லங்க.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பொறுப்பு முடிவாகிவிட்டால் அடுத்து நிரப்ப வேண்டியது படிவம்.

“போட்டுக்கங்க. பொறுப்பு அதிகாரி, குராமோச்சி... எந்த எழுத்துன்னா...”

அங்கே ஒரே மாதிரி ஒலிக்கும் பெயரைப் பல விதமான எழுத்துகளில் எழுதலாம். வழக்கமாக, களஞ்சியத்துக்கு எழுதும் எழுத்து, ஏந்துவதற்கு எழுதும் எழுத்து என்று விளக்குவார். யார் கேட்டாலும் அதே பாட்டு. இன்று வாய் அந்தப் பக்கம் போகவில்லை.

“அந்தக் கடித உறை பக்கத்துல இருக்கா?... திருப்புங்க. பின்னால, அனுப்பினவங்க பேரு... ஆமா. அதே எழுத்துதான்.”

ஜன்னலோரத்தில் தகாகுவா திரும்பவே இல்லை.

“...இல்லங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்... ம்... இல்ல, சடோமிக்குத் தெரியாது. வெட்டினது யாருன்னு தெரியாமத்தான் எழுதியிருக்கா... நாளைக்கு அந்த மண்டபத்துல, அமைச்சர் வாயால அவ அதக் கேக்க வேணாம். ஆறு மணி வண்டிக்குக் கிளம்பறேன். நானே போய்ச் சொல்லிடறேன்... வச்சுடறேங்க.”