ஜன்னல் ஓரம், மூன்றாவது கட்டில்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைச் சட்டைக்காரர் திடீரென்று தன் நண்பரிடம் சொன்னார்:

"நேத்து நான் பொறந்த எடத்துல போயி கொஞ்ச நேரம் படுத்துக்கினு இருந்தேன் மச்சி."

"இன்னா சொல்ற?"

"அந்தப் பழைய பிரசவ ஆஸ்பத்திரி. வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது, பல வருசமா பூட்டித்தான கெடக்குது? செவுத்துல வேர் வுட்ட அரசமரத்த வெட்டறதுக்கு எங்கள இட்டுனு போனாங்க."

"இடிக்கப் போறாங்களா?"

"ரிப்பேர் பண்றதா, இடிக்கிறதான்னு இன்னும் முடிவாவல."

"சரி, அங்க போயி எதுக்குப் படுத்த?"

"என்னப் பெத்த மறுநாளே எங்கம்மா அங்கயே செத்துப் போய்ட்டாங்க. ஒரு ஃபோட்டோ கூட இல்ல. நானும் அவங்களும் ஒண்ணா இருந்த எடம் அது ஒண்ணுதான்."

நண்பர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"எந்த எடம்னு எப்டி கண்டுபுடிச்ச?"

"ஜன்னல் ஓரம் மூணாவது கட்டிலுன்னு அப்பா சொல்லிக்கீறாரு. இப்ப கட்டில் இல்ல, தரையில நாலு கால் தடம் மட்டும் கீது. அதுக்கு நடுவுல படுத்து மேல பாத்தேன். தேக்கு உத்தரம். அவங்களும் அதத்தான பாத்துக்கினு இருந்திருப்பாங்க."

"யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"கட்டடத்தப் பாக்க வந்திருந்த இஞ்சினீயரம்மா உள்ள வந்துட்டாங்க. ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. விசயத்தச் சொன்னேன். வெளிய போயி கதவ மெதுவா சாத்திட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறந்தான் அழுதேன்."